நித்தியகல்யாணிக் கஷாயமும் இரண்டு மில்லிகிராம் மருந்தும்



இண்டூர்ப் பக்கம் நித்தியகல்யாணி இல்லாத தெருவைக் காண்பது அரிது. வீட்டு வாசலிலும், கோயில் மதிலோரத்திலும், சுடுகாட்டு வேலியிலும் யாரும் நீர் ஊற்றாமலே ஆண்டு முழுவதும் பூத்துக் கிடக்கிறது. இளஞ்சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, வெள்ளையின் நடுவே சிவப்புப் பொட்டு வைத்தாற்போல் ஒன்று. பட்டிப்பூ என்பார் சிலர். சுடுகாட்டு மல்லி என்பார் சிலர். வேலியில் உள்ள தழையையெல்லாம் கடித்துத் தீர்க்கும் வெள்ளாடு இதை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அத்தனை கசப்பு.

இந்தச் செடியைப் பற்றி ஒரு பௌதிக ஆசிரியன் எழுத வந்ததற்குக் காரணம், கைப்பேசிகளில் சுற்றிவரும் ஒரு செய்தி. ஐந்து இலை, ஐந்து பூ, இரண்டு டம்ளர் தண்ணீர். ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சி வெறும் வயிற்றில் குடித்தால் புற்றுநோய் போய்விடுமாம். "ஆங்கில மருந்தையே இதிலிருந்துதான் எடுக்கிறார்கள், பிறகு ஆஸ்பத்திரி எதற்கு?" என்று முடிகிறது அந்தச் செய்தி. எங்கள் ஊர்ப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதை என்னிடம் காட்டி, "சார், இது நிஜமா? எங்க பெரியம்மாவுக்கு மார்பிலே கட்டி. ஆஸ்பத்திரியே வேண்டாம், இதுவே போதும்னு வீட்டிலே பேசிக்கிறாங்க" என்று கேட்டாள்.

அந்தச் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்தானது என்பது என் கருத்து. உண்மையான பாதி எது, மற்ற பாதி எது என்பதைப் பிரித்துப் பார்ப்போம்.

நித்தியகல்யாணிக்குத் தமிழில் எவ்வளவு அழகான பெயர் இருந்தாலும் அது நம் நாட்டுச் செடி அன்று. அதன் தாயகம் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இந்துமாக் கடலில் உள்ள மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து வெப்ப நாடுகள் எல்லாவற்றுக்கும் பரவியது. தாவரவியலார் லின்னேயஸ் அதற்கு வின்கா ரோசியா என்று பெயரிட்டார். பின்னர் அதன் பேரினம் வேறு என்று கண்டு கதராந்தஸ் ரோசியஸ் என மாற்றிவிட்டார்கள். ஆனால் மருந்துகளின் பெயரில் பழைய வின்கா ஒட்டிக்கொண்டு நிற்கிறது. போன இடமெல்லாம் மக்கள் இதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். புற்றுநோய்க்காக அல்ல, பெரும்பாலும் சர்க்கரை வியாதிக்காக. கதை அங்கேதான் தொடங்குகிறது.

1952இல் கனடா நாட்டின் டொரண்டோ நகரில் இருந்த கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு, ஜமைக்காத் தீவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே 25 இலைகள். "இங்குள்ளவர்கள் நீரிழிவுக்கு இதைத் தேநீர் போட்டுக் குடிக்கிறார்கள், ஆராய்ந்து பாருங்கள்" என்பது செய்தி. (இந்தக் கிளார்க் நோபிளுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1921இல் இன்சுலின் ஆராய்ச்சிக்குப் பாண்டிங்கின் உதவியாளராக முதலில் யார் போவது என்று இவரும் சார்லஸ் பெஸ்டும் நாணயம் சுண்டிப் பார்த்தார்களாம். பெஸ்ட் வென்றார், புகழும் அவருக்கே போயிற்று.) கிளார்க் அந்த இலைகளைத் தம் சகோதரர் இராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். அவர் மேற்கு ஒண்டாரியோப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

இராபர்ட் நோபிள் இலைச் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார். சர்க்கரை குறையவில்லை. வேறொருவராயிருந்தால் அத்துடன் விட்டிருப்பார். அவரோ சாற்றை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். அப்போதும் சர்க்கரை குறையவில்லை; ஆனால் ஒரு வாரத்துக்குள் எலிகள் நோய்த்தொற்று ஏற்பட்டு இறந்துபோயின. ஏன் தொற்று? இரத்தத்தைச் சோதித்தபோது, கிருமிகளோடு போராடவேண்டிய வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குக் குறைந்திருந்தன. அவை உற்பத்தியாகும் எலும்பு மச்சையும் வற்றியிருந்தது.

இங்கே சற்று நில்லுங்கள். வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? அவற்றைக் குறைக்கிற பொருள் ஒன்று இந்த இலையில் இருக்கிறதென்றால்? 1954இல் சார்லஸ் பீர் என்ற வேதியியலார் நோபிளுடன் சேர்ந்தார். கூடைகூடையாக இலைகளைச் சாறெடுத்து, படிப்படியாகப் பிரித்து, வின்பிளாஸ்டின் என்ற ஆல்கலாய்டைப் படிகமாக எடுத்தார்கள். 1958இல் நியூயார்க்கில் அதை அறிவித்தார்கள். அதே வேளையில் அமெரிக்காவின் இலை லில்லி கம்பெனியிலும் இந்தச் செடியைத் துருவிக்கொண்டிருந்தார்கள். அங்கே கோர்டன் சுவோபோடா என்பவரின் குழு வின்கிரிஸ்டின் என்ற இன்னொன்றையும் பிரித்தெடுத்தது. 1963இல் வின்கிரிஸ்டின் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது.

ஆகவே, "இதிலிருந்துதான் மருந்து எடுக்கிறார்கள்" என்பது நிஜமே. நாட்டு வைத்தியம் என்றாலே உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஜமைக்காவில் யாரோ ஒரு பாட்டி இலைத் தேநீர் போட்டிராவிட்டால் அந்த உறை டொரண்டோவுக்கு வந்திராது. ஆனால் பாட்டி சொன்ன நோய்க்கு அந்த எலிகளிடம் பலன் தெரியவில்லை என்பதையும், பலன் தெரிந்த நோயைப் பாட்டி சொல்லவில்லை என்பதையும் கூடவே கவனியுங்கள். எலியின் இரத்தத்தில் அணுக்களை எண்ணிப் பார்த்தவர்கள்தான் அதைக் கண்டார்கள்.

இனி என் துறைக்கு வருகிறேன். வின்பிளாஸ்டின் மூலக்கூறில் 46 கார்பன், 58 ஹைட்ரஜன், 4 நைட்ரஜன், 9 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. வின்கிரிஸ்டினில் ஹைட்ரஜன் இரண்டு குறைவு, ஆக்சிஜன் ஒன்று கூடுதல். மற்றபடி அதுவே இது. நூற்றுக்கு மேற்பட்ட அணுக்கள் கொண்ட இந்த உருவத்தில் எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எப்படிக் கண்டார்கள்? படிகத்தின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அது சிதறும் கோணங்களை அளந்துதான். 1965இல் மான்கிரீஃப், லிப்ஸ்கோம் என்ற இருவர் இதைச் செய்தார்கள். (லிப்ஸ்கோம் வேறோர் ஆராய்ச்சிக்காக 1976இல் நோபல் பரிசு பெற்றார்.) மூன்றே அணு வித்தியாசம்தான், ஆனால் ஒன்று எலும்பு மச்சையை அதிகம் தாக்குகிறது, மற்றது நரம்புகளை அதிகம் தாக்குகிறது. ஒன்று ஹாட்ஜ்கின் நோய்க்கும் விரைப் புற்றுநோய்க்கும் பயன்படுகிறது. மற்றது குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும், சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டிக்கும் பயன்படுகிறது.

இவை செல்லுக்குள் என்ன செய்கின்றன? செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்லக் கயிறுகள் வேண்டும். அந்தக் கயிறுகள் உண்மையில் நுண்குழல்கள். ஒரு குழலின் வெளிவிட்டம் 25 நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் குறுக்கே ஏறக்குறைய மூவாயிரம் குழல்களை அடுக்கலாம். டியூபுலின் என்ற புரதக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல் இந்தக் குழலைக் கட்டுகிறது. வேலை முடிந்ததும் பிரித்துப் போட்டுவிடுகிறது. வின்கா ஆல்கலாய்டுகள் இந்தக் கற்களோடு ஒட்டிக்கொண்டு, குழல் வளரவேண்டிய நுனியைக் கெடுத்துவிடுகின்றன. கயிறு இல்லை; குரோமோசோம்கள் பிரியமுடியாமல் நடுவழியில் நிற்கின்றன; செல் மடிகிறது. ஓயாமல் பிரிகிற புற்றுநோய்ச் செல்லுக்கு இது பேரிடி. ஆனால் மயிர்க்கால், குடல், எலும்பு மச்சை ஆகியவற்றிலும் செல்கள் வேகமாகப் பிரிகின்றன அல்லவா? புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோருக்குத் தலைமுடி உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள்.

நரம்புச் செல் பிரிவதே இல்லையே, அதை ஏன் வின்கிரிஸ்டின் தாக்கவேண்டும் என்று கேட்பவர் நல்ல மாணவர். முதுகெலும்பின் அடியிலிருந்து கால் பெருவிரல் வரை போகும் ஒரு நரம்பிழை ஒரு மீட்டர் நீளம் இருக்கும். அத்தனையும் ஒரே செல்லின் வால்! செல்லின் தலைமையகத்தில் தயாராகும் சரக்கு அத்தனை தூரம் போய்ச் சேர ஒரு தண்டவாளம் வேண்டும். அந்தத் தண்டவாளமும் இதே நுண்குழல்தான். தண்டவாளம் பழுதானால் கடைசி ஸ்டேஷனுக்குத்தான் முதலில் சரக்கு வராது. வின்கிரிஸ்டின் போட்டுக்கொள்பவர்களுக்கு மரமரப்பு விரல் நுனிகளில் தொடங்குவது அதனால்தான். குடலை இயக்கும் நரம்புகளும் சோர்வதால் மலச்சிக்கல் வருகிறது. இந்த மருந்தைச் சிரைக்குள் மட்டுமே செலுத்தவேண்டும். தவறி முதுகுத்தண்டு நீரில் செலுத்தினால் உயிருக்கே முடிவு. அப்படி நேர்ந்த மரணங்கள் பல நாடுகளில் உண்டு.

இப்படிப்பட்ட ஒரு பொருளை எவ்வளவு கொடுக்கிறார்கள்? உடலின் மேற்பரப்பைக் கணக்கிட்டு, ஒரு வேளைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மிகாமல். ஒரு சிறு கடுகின் எடை! அதிலும் அடுத்த வேளைக்குமுன் இரத்தத்தைச் சோதித்து, கூட்டலாமா குறைக்கலாமா என்று முடிவு செய்கிறார்கள்.

இனிக் கஷாயத்துக்குக் கணக்குப் போடுவோம். ஒரு கிராம் வின்கிரிஸ்டின் பிரித்தெடுக்க 2,000 கிலோ உலர்ந்த இலைக்கு மேல் தேவை என்கிறார்கள். அதாவது ஒரு மில்லிகிராமுக்கு 2 கிலோ. ஒரு வேளை ஊசிக்கு 4 கிலோ. நம் கைப்பேசி வைத்தியர் சொல்லும் ஐந்து இலை காய்ந்தால் ஒரு கிராம்கூடத் தேறுமா என்பது சந்தேகம். தாராளமாக 10 கிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 5 மைக்ரோகிராம் வருகிறது: தேவையானதில் 400இல் ஒரு பங்கு. அதுவும் முழுவதும் நீரில் இறங்கி, வயிற்றைத் தாண்டி, கல்லீரலைத் தாண்டி இரத்தத்தில் சேர்ந்தால். இது வாய்வழி மருந்தே அன்று.

"அப்படியானால் இலையை அதிகமாகப் போட்டால் ஆயிற்று" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. இந்தச் செடியில் நூறுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. வேண்டிய ஒன்றிரண்டு மிகச் சொற்பம், வேண்டாதவை ஏராளம். மண்ணுக்கு மண், செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் அளவு மாறும். கஷாயத்தைக் கூட்டினால் நோயைவிட உடலே முதலில் கெடும். ஆடு நகர்ந்து போனதன் காரணம் நினைவிருக்கிறதல்லவா? செடி இவற்றைச் செய்துவைத்திருப்பது நம்மைக் குணப்படுத்துவதற்காக அன்று. தன்னைத் தின்ன வருபவரை விரட்டுவதற்காக. "இயற்கையானது, ஆகவே தீங்கற்றது" என்ற பேச்சை நான் எங்கே கேட்டாலும் மறுக்கிறேன். எருக்கம்பாலும் அரளி விதையும் இயற்கைதான்.

செடிக்குள் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதும் ஒரு சுவையான சங்கதி. வின்பிளாஸ்டின் என்பது இரண்டு பாதிகள் இணைந்தது. கதராந்தின் ஒரு பாதி, வின்டோலின் மறுபாதி. கதராந்தின் இலையின் மேற்புற மெழுகில் இருக்கிறது. வின்டோலினோ இலைக்குள்ளே உள்ள செல்களில். 2010இல் கனடா ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டு சொன்னார்கள். தீக்குச்சித் தலையில் ஒரு மருந்தும் பெட்டியின் பக்கத்தில் ஒரு மருந்தும் தனித்தனியே இருப்பதுபோல! இரண்டும் சேர்வது அபூர்வம் என்பதால் சேர்ந்த பொருளும் அபூர்வம். தனித்தனிப் பாதிகள் ஓரளவு தாராளமாகக் கிடைப்பதால், அவற்றை இலையிலிருந்து எடுத்து ஆய்வுக்கூடத்தில் இணைக்கவும் கற்றுக்கொண்டார்கள்.

அந்த மாணவியின் பெரியம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். புற்றுநோய் என்பது ஒரே நோய் அன்று. பல நோய்களுக்கு இட்ட ஒரே பெயர். வின்கிரிஸ்டின் எந்தப் புற்றுநோய்களில் பேர்பெற்றதோ அவற்றில் மார்புப் புற்றுநோய் இல்லை. (இதே குடும்பத்தில் மனிதர் மாற்றியமைத்த வினோரெல்பின் என்ற மருந்தைச் சில சமயம் அதற்குத் தருவதுண்டு, அது இலையில் இல்லை.) ஆக, கஷாயத்தில் மருந்து இல்லை, இருந்தாலும் அது அந்த நோய்க்கான மருந்து இல்லை. முதலில் கட்டியைச் சோதித்து அது என்னவென்று தெரிந்துகொள்ளவேண்டும். கட்டிகளில் பல, புற்றுநோயே அல்ல. இதைத்தான் அவள் வீட்டில் போய்ச் சொன்னேன். அரை மணி நேரம் பேச்சு. கஷாயத்தை நிறுத்தச் சொன்னதைவிட, "சோதனை செய்தால் அது புற்றுநோய் இல்லை என்றுகூடத் தெரியலாம்" என்று சொன்னதுதான் அவர்களை அரசு மருத்துவமனைக்குப் புறப்பட வைத்தது. பயம்தான் பலரைச் சோதனையிலிருந்து விலக்கிக் கஷாயத்தின் பக்கம் தள்ளுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்னை அடையாற்றில் 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 1955இல் அங்கே சேர்ந்து, 2021இல் மறையும் வரை அதற்கே உழைத்தவர் டாக்டர் சாந்தா. 1984 முதல் அந்த மருத்துவமனையும், பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையும், தில்லி அகில இந்திய மருத்துவக் கழகமும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றின. எம்.சி.பி. 841 என்பது அதன் பெயர். வின்கிரிஸ்டின் அதில் ஒரு தூண். ஒரே தூண் அன்று. கூடவே பிரட்னிசோலோன், அஸ்பராஜினேஸ் முதலான பல மருந்துகள், வரிசை தவறாமல், இரண்டாண்டுக் காலம். வின்கிரிஸ்டினை மட்டும் கொடுத்தால் நோய் சில வாரங்கள் ஒளிந்திருந்து திரும்பிவிடும். 2005இல் முடிவுகளை வெளியிட்டபோது, நான்கு ஆண்டுகள் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுபட்டு, நூற்றுக்கு 41 முதல் 60 வரை. 1960களின் தொடக்கத்தில் இந்நோய் வந்த குழந்தைகள் அநேகமாக எல்லோரும் இறந்தனர். இன்று வசதி மிக்க நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். இந்தக் கூட்டு மருந்துகளில் ஒன்றான மெத்தோடிரெக்சேட்டை உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகத சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதையும் போகிற போக்கில் தெரிந்துகொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் அவர் பெயரை நான் பார்த்ததில்லை. அது எனக்கு ஒரு குறை.

ஆகவே ஒரு குழந்தைக்கு விடாத காய்ச்சல், வெளிறிய முகம், காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டுகள், ஈறில் இரத்தம், எலும்பு வலி இவை கண்டால் முதல் வாரமே இரத்தம் சோதிக்கவேண்டும். சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்நோக்கியில் பார்க்கும் சோதனைக்குத் தருமபுரியைத் தாண்டிப் போகவேண்டியதில்லை. சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. கஷாயம் குடித்துக் கழியும் ஒரு மாதம் அந்தக் குழந்தைக்கு மிக நீண்ட மாதம்.

இலையை நம்பியிருப்பதன் தொல்லை மருந்துக் கம்பெனிகளுக்கும் உண்டு. 2019இல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் தயாரித்துவந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்று நிறுத்திவிட்டது. மற்றதால் ஈடுகொடுக்க முடியவில்லை. பணக்கார நாட்டிலேயே குழந்தை மருத்துவர்கள் யாருக்குக் கொடுப்பது, யாருக்குத் தள்ளிப்போடுவது என்று தவிக்க நேர்ந்தது. 2022இல் கலிஃபோர்னியாவில் ஜே கீஸ்லிங் குழுவினர், நித்தியகல்யாணியின் மரபணுக்களை ஈஸ்டுக்குள் புகுத்தி, முப்பது வேதிப் படிகளைத் தாண்டி, வின்டோலினையும் கதராந்தினையும் அந்த ஈஸ்டையே செய்ய வைத்தார்கள். பிறகு இரண்டையும் இணைத்து வின்பிளாஸ்டின் எடுத்தார்கள். தோசை மாவு புளிப்பதுபோல் ஒரு தொட்டியில் புற்றுநோய் மருந்து! அளவு இன்னும் மிகக் குறைவு. ஆனால் வழி திறந்துவிட்டது.

இதில் என் மனத்தில் ஒரு முள் இருக்கிறது. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் கரிசலிலும் செம்மண்ணிலும் நித்தியகல்யாணியை மானாவாரிப் பயிராக விதைத்து, இலையையும் வேரையும் காயவைத்து வியாபாரிகளுக்கு விற்கும் உழவர்கள் இருக்கிறார்கள். மழை பொய்த்தாலும் ஏமாற்றாத பயிர் அது. உலகத்துக்குச் செடியைத் தந்த மடகாஸ்கருக்கு இந்த மருந்துகளின் இலாபத்திலிருந்து சொல்லும்படியாக எதுவும் போய்ச் சேரவில்லை. தாவரத்தின் பயன் அது வளர்ந்த நாட்டுக்கும் உரியது என்ற உடன்பாடு 1992இல்தான் வந்தது; நம் நாட்டின் பல்லுயிர்ச் சட்டம் 2002இல். ஈஸ்ட் தொட்டிகள் பெரிதாகி இலைக்கு விலை இறங்கினால் அந்த மானாவாரி நிலத்தில் அடுத்து எதை விதைப்பது என்பதற்கு இப்போதே ஆராய்ச்சி நடக்கவேண்டும். உங்களில் தாவரவியலோ வேளாண்மையோ படிக்கப் போகிறவர்கள் இந்தக் கேள்வியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.